ஐபிஎம் எக்ஸ்டி கணினியில் வன்தட்டு ஸ்விட்சுகளை அமைக்கும் முறை

1983-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியில் பழைய வன்தட்டு ஒன்றைப் பொருத்த முனைபவர்கள், தாய்ப்பலகையில் உள்ள எட்டு ஸ்விட்சுகளைத்தான் பெரும்பாலும் முதலில் மாற்றிப் பார்க்கிறார்கள். அதனால் பயனில்லை. அவற்றில் 7, 8 ஆகிய இரண்டும் ஃப்ளாப்பி இயக்கிகளின் எண்ணிக்கையை மட்டுமே தெரிவிப்பவை. வன்தட்டுக்கு உரிய நிரல், அதை இயக்கும் கன்ட்ரோலர் அட்டையின் ரோமிலேயே (அழியாத நினைவகச் சில்லிலேயே) இருக்கிறது. 1981-ஆம் ஆண்டின் முதல் பிசியில் 1982 அக்டோபர் 27-க்கு முந்தைய பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) இருந்தால், அது இத்தகைய ரோமைத் தேடவே தேடாது, அதன் 63.5 வாட் மின்வழங்கியும் போதாது.

அட்டையில் ஒவ்வொரு வன்தட்டுக்கும் இரண்டிரண்டு ஸ்விட்சு நிலைகள் உண்டு. இரண்டு நிலைகளால் நான்கு வகைகளைக் குறிக்கலாம் என்பதால், ரோமில் உள்ள அட்டவணையிலும் நான்கு வகைகளே இருக்கின்றன. சிலிண்டர்களும் (மையத்திலிருந்து ஒரே தொலைவில் உள்ள தடங்களின் தொகுதிகள்) ஹெட்டுகளும் (படித்து எழுதும் முனைகள்) எத்தனை என்பதை ஒவ்வொரு வகையும் சொல்கிறது. எக்ஸ்டியுடன் வந்த சீகேட் எஸ்டி-412-இல் 306 சிலிண்டர்கள், 4 ஹெட்டுகள். ஒரு தடத்துக்கு 17 செக்டர்கள் வீதம் சுமார் 10 மெகாபைட். இன்று எளிதாகக் கிடைக்கும் எஸ்டி-225-இல் 615 சிலிண்டர்கள், 4 ஹெட்டுகள். முதல் ஐபிஎம் அட்டையின் அட்டவணையில் 615 என்ற வரியே இல்லாததால், அதில் எஸ்டி-225-ஐ 306 சிலிண்டர் வகையாக அமைத்தால் வட்டில் பாதி மட்டுமே பயன்படும். எனவே ஸ்விட்சைத் தொடுவதற்கு முன், வன்தட்டின் மேல் ஒட்டப்பட்டுள்ள மாதிரி எண்ணையும் அட்டையின் ரோம் பதிப்பையும் குறித்துக்கொண்டு, அந்த ரோமுக்குரிய அட்டவணையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டில் தேவையான கோப்புகள் இருந்தால் முதலில் அவற்றைப் படியெடுத்துவிடுங்கள். ஹெட் எண்ணிக்கை மாறினால் பழைய கோப்புகளை வாசிக்க இயலாது.

அடுத்தது வன்தட்டின் தேர்வு ஜம்பர், அதாவது அது எத்தனையாவது வன்தட்டு என்பதைக் குறிக்கும் சிறிய இணைப்புத் துண்டு. பெரும்பாலான பிழைகள் இங்குதான் நிகழ்கின்றன. கன்ட்ரோலரிலிருந்து 34 கம்பிகள் கொண்ட கட்டுப்பாட்டுக் கேபிள் ஒன்றும், ஒவ்வொரு வன்தட்டுக்கும் 20 கம்பிகள் கொண்ட தரவுக் கேபிள் ஒன்றும் செல்கின்றன. கட்டுப்பாட்டுக் கேபிளின் கடைசி இணைப்பானுக்கு முன் 25 முதல் 29 வரையுள்ள கம்பிகள் முறுக்கப்பட்டிருந்தால், முதல் தேர்வுக் கம்பியும் இரண்டாம் தேர்வுக் கம்பியும் அங்கே இடம் மாறுகின்றன. ஆகவே இரண்டு வன்தட்டுகளிலும் ஜம்பரை இரண்டாம் இடத்திலேயே வைக்க வேண்டும். முறுக்குக்குப் பின் இருப்பது சி: ஆகிவிடும். சில தயாரிப்பாளர்கள் இடங்களை 0 முதலும், சிலர் 1 முதலும் எண்ணுவதால், எண்ணை நம்பாமல் வரிசையில் இரண்டாவது எது என்று பாருங்கள். முறுக்கில்லாத கேபிள் என்றால் முதல் வன்தட்டுக்கு முதல் இடம். ஃப்ளாப்பி கேபிளும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும்; ஆனால் அதன் முறுக்கு 10 முதல் 16 வரையுள்ள கம்பிகளில் இருக்கிறது. நான் ஒருமுறை இதைக் கவனிக்காமல் ஒரு மாலை முழுவதும் நல்ல அட்டை ஒன்றைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

கேபிள் முனையில் சைகை எதிரொலிக்காமல் தடுக்கும் முடிவு மின்தடை, கேபிளின் கடைசியில் உள்ள வன்தட்டில் மட்டும் இருக்க வேண்டும். நடுவில் உள்ளதிலிருந்து கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். இவை அனைத்தையும் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்த பிறகே செய்யுங்கள்.

கணினியை இயக்கியதும் 1701 என்ற வன்தட்டுப் பிழை தோன்றினால், கேபிள்களின் திசையையும் தேர்வு ஜம்பரையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். பிழை இல்லையெனில் தாழ்நிலை வடிவமைப்புக்கு (வட்டில் தடங்களையும் செக்டர்களையும் புதிதாக வரைவதற்கு) செல்லலாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் அட்டைகள் பலவற்றில் டாஸ் இயங்குதளத்தின் டீபக் நிரலைத் திறந்து, ஜி=சி800:5 என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்தால் அது தொடங்கும்; ஐபிஎம் அட்டைக்குத் தனி நிரல் தேவை. அதன் பின் எஃப்டிஸ்க் (வட்டைப் பிரித்தல்), ஃபார்மட் (கோப்புகளுக்குத் தயாராக்குதல்) என்று வழக்கமான வரிசைதான். 20 மெகாபைட் வட்டுக்கு டாஸ் 3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பே ஏற்றது.

எஸ்டி-225 மின்சாரம் நின்றதும் தானாக ஹெட்டுகளைப் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுக்குவதில்லை. கணினியை இடம் மாற்றுவதற்கு முன், ஹெட்டுகளை நிறுத்தும் நிரலை ஒவ்வொரு முறையும் இயக்கிவிட்டு அணையுங்கள்.