டீசல் பிக்கப் மிஸ் அடித்தால், நாசிலில் கை வைக்கும் முன்

மழை பிடித்து இரண்டு வாரம் ஆனால் போதும், பர்மாவின் பெகுவில் எங்கள் பட்டறை வாசலில் ஹைலக்ஸ் பிக்கப் வண்டிகள் வரிசை கட்டும். குறை எல்லாம் ஒன்றுதான், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் அடிப்பது: "ஸ்லோவுல நிக்கவே மாட்டேங்குது அண்ணே, உடம்பே ஆடுது." கூடவே சிலர், "நாலு நாசிலும் மாத்தியாச்சு, அப்படியும் போகல" என்பார்கள். நாசில் என்றால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுவது. அதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஆள் ஏற்றும் லைன் கார் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு நாலு நாசில் காசு சும்மா வந்ததா?

பெட்ரோல் வண்டிப் பழக்கத்தில் பலர் முதலில் பிளக்கைச் சந்தேகப்படுகிறார்கள். டீசலில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அமுக்குகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஹீட்டர் பிளக்கின் வேலை குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவது. காலையில் கிளப்பியதும் வெள்ளைப் புகையோடு குலுங்கி, சூடேறியதும் சரியானால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். நாள் முழுக்க மிஸ் அடிக்கிற வண்டிக்கு அதை மாற்றிப் பயனில்லை.

அடுத்த தவறு, டீசலையே பார்க்காமல் விடுவது. சாலையோரம் பாட்டிலிலும் டிரம்மிலும் வாங்கி ஊற்றும் ஊர் இது. மழைக்காலத்தில் தண்ணீர் கலக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஃபில்டர் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் படியும். அப்படிப் படிந்தால் டாங்கியையும் வடித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

பிறகு காற்று. போன வருஷம் தட்டோன் ஊரிலிருந்து காய்கறி ஏற்றி வந்த ஒரு 3 எல் எஞ்சின் வண்டி. டீசல் பம்பைக் கழற்றி ஒருமுறை வேலை பார்த்தாகிவிட்டது, நடுக்கம் நிற்கவில்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸைப் போட்டு ஓட விட்டேன். கடுகு கடுகாய்க் குமிழி ஓடிக்கொண்டே இருந்தது. டாங்கியிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் மயிரிழையாய் வெடித்திருந்தது. உறிஞ்சும் பக்கம் வெடித்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை என்று எல்லாரும் ஏமாந்த இடம் அதுதான். ஒரு ஹோஸும் இரண்டு கிளிப்பும் போட்டதும் வண்டி அமைதியாகிவிட்டது.

டீசலும் ஹோஸும் சுத்தம் என்றால், எந்த சிலிண்டர் செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் வாங்காதீர்கள். 2 எல், 3 எல், 5 எல் போன்ற பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் இது சுலபம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, துணியைச் சுற்றி, நாசில் மேலுள்ள பைப் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துங்கள். எஞ்சின் சத்தம் இறங்கினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் ஆள். அந்த நாசிலையும் பக்கத்து நாசிலையும் இடம் மாற்றிப் போடுங்கள், அடி வாசர் புதிதாக. மிஸ் நாசிலோடு இடம் மாறினால் குறை நாசிலில். அதே சிலிண்டரில் நின்றால் காற்று அமுக்கத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வையுங்கள், வால்வா ரிங்கா ஹெட் கேஸ்கெட்டா என்பது அடுத்த கேள்வி.

இந்த முறையை, எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில் செய்யவே கூடாது. 1 கேடி, 2 கேடி எஞ்சின்களில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். ஊசிமுனை அளவு கசிவே தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். பார்க்கக் குண்டூசி குத்தியது போல இருக்கும், முதலில் வலியும் தெரியாது. சில மணி நேரத்தில் வீங்கி, விரலையே எடுக்க வேண்டிவரலாம். தம்பிகளா, அப்படி ஏதும் பட்டால் கழுவிவிட்டு வேலையைத் தொடராதீர்கள். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கசிவைக் கையால் தடவியும் தேடாதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். சிலிண்டரைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் இருக்கிறது. அது இல்லையென்றால் நாசிலில் மிஞ்சும் டீசல் திரும்பிவரும் நாலு ரிட்டர்ன் குழாயையும் நாலு பாட்டிலில் விட்டு, எதில் அதிகம் திரும்புகிறது என்று பாருங்கள். அந்த நாசில்தான் சந்தேகம்.

1 கேடியில் நாசில் அடியிலுள்ள பழைய செப்பு வாசரையே திரும்பப் போடுவது இன்னொரு பெரிய தவறு. அது கசிந்தால் எரிந்த வாயு எஞ்சின் ஆயிலில் கலந்து கரியாகும். அந்தக் கரி அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பிலுள்ள வலையை அடைக்கும், ஆயில் மேலே ஏறாமல் எஞ்சினே பிடித்து நின்றுவிடும். நாசிலைச் சுற்றி தார் மாதிரி கறுப்பு இருந்தால் சம்ப்பையும் இறக்கிப் பாருங்கள்.

ஸ்லோ திருகை ஏற்றி நடுக்கத்தை மறைக்கிறவர்களும் உண்டு. குறை அப்படியே இருக்கும், டீசல்தான் கூடுதலாகப் போகும்.

புகை சுத்தம், சத்தம் சீர், ஆனாலும் சீட் நடுங்குகிறதா? எஞ்சின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியர் போட்டு கிளச்சை மெல்ல விடட்டும். மற்றவர் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பார்த்தால், எஞ்சின் ஒரு பக்கம் தூக்குவது தெரியும்.