ஓய்வுக்கும் முறை வையுங்கள்

போராட்டக் களத்தில் நிற்பவர்களே, ஓய்வை அவரவர் விருப்பத்துக்கு விடாதீர்கள். குழுவே முறை வைத்துக் கொடுக்கட்டும். 2020 நவம்பரில் டில்லி எல்லையில் அமர்ந்த விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஊரிலிருந்து புதியவர்கள் வந்து சேர, முன்பு வந்தவர்கள் வயலைக் கவனிக்கத் திரும்பினார்கள். லங்கரில், அதாவது சீக்கியர்கள் நடத்தும் இலவசப் பொதுச் சமையற்கூடத்தில், சுடச்சுட ரொட்டியும் பருப்பும் கிடைத்தன. சிங்கு எல்லையில் முதியவர்களுக்குக் கால் பிடித்துவிடும் இயந்திரங்கள்கூட இருந்தன. அதைச் சொகுசு என்று ஏசியவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

முறை வந்தவர் வாட்ஸ்அப் குழுவை மறந்துவிட்டு ஏரிக்கரையிலோ தோப்பிலோ நடக்கட்டும். செய்தியாளருக்குப் பதில் சொல்வதும் வழக்கு வாய்தாவுக்குப் போவதும் அன்று மற்றவர் வேலை. தூக்கம் கெட்டு, சின்னச் சொல்லுக்கும் எரிந்து விழுகிறவருக்கே முதல் முறை கொடுங்கள்; அவராகக் கேட்க மாட்டார்.