வேலைக்கு முதல் பஸ் பழகட்டும்

விசேட தேவையுள்ள பிள்ளைக்கு வேலை சரிவந்தால், முதலில் பழக்க வேண்டியது பயணத்தைத்தான். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையம் வரை சில நாள் பக்கத்திலேயே இருந்து போங்கள். அப்புறம் இரண்டு சீட் தள்ளி இருங்கள். மிச்சக்காசை அவரே கேட்டு வாங்கட்டும்.

வேலையிடத்தில் நீட்டி விளக்குவதைவிட ஒரு படம் போதும். வெதுப்பகம் என்றால், பைக்குள் ஆறு பணிஸ் அடுக்கியதைப் போனில் படமெடுத்து, பிரிண்ட் போட்டு மேசைக்கு நேரே ஒட்டிவிடுங்கள். எண்ணத் தடுமாறுபவரும் படத்தைப் பார்த்து அடுக்கிவிடுவார். முதலாளியிடம் பிள்ளையைப் புகழ்ந்து நேரத்தைப் போக்காமல், எந்தச் சத்தத்துக்குப் பதறுவார் என்பதைச் சொல்லுங்கள்.

அரச வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு நூற்றுக்கு 3 ஒதுக்கும் சுற்றறிக்கை 1988 இலேயே வந்துவிட்டது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.