கிட்னி மாற்றுக்குப் பணம் திரட்டுகிறீர்களா? இங்கேதான் சறுக்குகிறோம்

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. டயாலிசிஸ் படுக்கையில் ஒரு முகம், மருத்துவமனை கொடுத்த எஸ்டிமேட், கீழே கியூஆர் கோடு. அனுப்புவது பெரும்பாலும் நோயாளியின் நண்பர்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் இப்படிப் பணம் திரட்டத் தொடங்கியபோது நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். போஸ்டரில் அக்கவுண்ட் எண் தப்பு என்பதையெல்லாம் பார்த்தவுடனே யாராவது சொல்லிவிடுவார்கள். அதை விடுங்கள். எளிதில் கண்ணில் படாத தவறுகள் இவை.

அரசிடம் கேட்காமல் ஊரைக் கேட்பது

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிட்னி மாற்றும் உண்டு. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டையோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற இடங்களில் இந்த ஆபரேஷன் பல ஆண்டுகளாக நடக்கிறது. தனியார்தான் என்று முடிவெடுத்தாலும் எம்.பி.யின் கடிதத்தோடு பிரதமர் நிவாரண நிதிக்கு எழுதலாம். ஒரு பகுதிச் செலவு கிடைக்க வாய்ப்புண்டு. ஆபரேஷனுக்கு முன்பே மனு போய்விட வேண்டும். கட்டி முடித்த பில்லுக்கு அங்கே பணம் தர மாட்டார்கள்.

ஆபரேஷனோடு கணக்கை முடிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்.

எஸ்டிமேட்டில் என்ன தொகை இருக்கிறதோ அதையே இலக்காகப் போடுகிறார்கள். அந்தத் தாளில் இருப்பது ஆபரேஷனும் சில நாள் படுக்கையும். டோனருக்கான (கிட்னி கொடுப்பவருக்கான) பரிசோதனைகள், உடல் புதுக் கிட்னியை எதிர்க்காமலிருக்கத் தொடக்கத்தில் போடும் விலை உயர்ந்த ஊசி, முதல் சில மாதம் அடிக்கடி செக்கப்புக்குப் போக மருத்துவமனைப் பக்கத்திலேயே எடுக்கும் வாடகை வீடு, இதெல்லாம் பல எஸ்டிமேட்டுகளில் வராது. அப்புறம், அந்த எதிர்ப்பை அடக்கி வைக்கும் மாத்திரை. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு. கிட்னி வேலை செய்யும் காலம் முழுக்க, ஒரு வேளை தவறாமல் போட வேண்டும். தனியாரில் மாதம் 10,000 ரூபாயைத் தாண்டிய மருந்துக்கடை பில்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூடவே, மருந்து ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் பரிசோதனையும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு அவருடைய அம்மாவே கிட்னி கொடுத்தார். பணம் மளமளவென்று சேர்ந்தது. இலக்கைத் தொட்டதும் நண்பர்கள் "நன்றி, இனி யாரும் அனுப்ப வேண்டாம்" என்று ஸ்டேட்டஸ் போட்டார்கள். இன்னும் கொடுக்கத் தயாராக இருந்தவர்களையும் நிறுத்திவிட்டார்கள்! இரண்டாம் வருடம் அவர் காலை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு இரவு மாத்திரையை மிச்சம் பிடித்திருக்கிறார். வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஊர்ப் பணத்தில் பிழைத்தவன் மறுபடி எந்த முகத்தோடு கேட்பது என்ற கூச்சம். கால் வீங்கிப் போய்ப் பார்த்தபோது கிட்னி வெளியேற்ற வேண்டிய க்ரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இப்போது மறுபடி டயாலிசிஸ். எஸ்டிமேட் கொடுத்த மருத்துவமனையாவது மருந்துச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

அதனால் டாக்டரிடம் இரண்டு கணக்கு கேளுங்கள்: ஆபரேஷனுக்கு ஒன்று, அதன்பின் முதல் வருடத்துக்கு ஒன்று. இரண்டையும் கூட்டி இலக்கு போடுங்கள். மருந்துப் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்களிடம் மாதம் 500 கேளுங்கள். இருபது பேர் சேர்ந்தால் 10,000 ஆகிவிடும். அந்த இருபது பேரில் ஒருவர் மாதாமாதம் மருந்துக்கடை பில்லைக் கேட்டு வாங்கட்டும். மாத்திரை விட்டுப்போனால் அதிலேயே தெரிந்துவிடும். முக்கியமாக, தொகை பெரிதாகத் தெரிகிறதே என்று நீங்களாகக் குறைக்காதீர்கள்.

டோனர் முடிவாகும் முன் தேதி போடுவது

"வரும் 20ஆம் தேதி ஆபரேஷன், அவசரம்" என்று எழுதுவார்கள். கொடுப்பவரின் கிட்னியை நோயாளியின் உடல் ஏற்குமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் ரத்தப் பரிசோதனை பொருந்தாமல் போகும். அல்லது கொடுப்பவர் உறுப்பு மாற்றுச் சட்டம் சொல்லும் நெருங்கிய உறவாக இருக்க மாட்டார், இப்படிப்பட்ட தானங்களை ஆராயும் அங்கீகாரக் குழுவின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். தேதி தள்ளிப்போகும்போது பணம் கொடுத்தவர்களுக்குச் சந்தேகம் வரும். இறந்தவரிடமிருந்து வரும் கிட்னிக்குப் பதிந்திருந்தால் தேதியே கிடையாது.

கிட்னி "வாங்க" வசூல்

கூடவே கூடாது. கிட்னியை விலைக்கு வாங்குவது அதே சட்டப்படி குற்றம்: 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

நண்பரின் சொந்தக் கணக்கு

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், வருமான வரிச் சட்டம் அதை வருமானமாகத்தான் பார்க்கும். யார் கணக்கில் விழுகிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். முடிந்தவரை நோயாளியின் பதிவு எண்ணைப் போட்டு நேராக மருத்துவமனைக்கே கட்டச் சொல்லுங்கள். மீதிக்கு, பதிவு பெற்ற அறக்கட்டளை எதையாவது பிடித்து, ஒரு ஆடிட்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

ட்யூப் சொருகிய படம்

வேண்டாம். அவர் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியவர்.

மிஞ்சும் பணம்

நோயாளி இறந்துவிட்டால் பணம் குடும்பத்துக்கா, வேறொரு நோயாளிக்கா? கேட்கச் சங்கடம்தான். ஆனாலும் வீட்டாரிடம் முதலிலேயே பேசி, போஸ்டரில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள்.