வீட்டுத் தோட்டத்தில் பார்பிகியூ: மலையகத்தில் தவிர்க்க வேண்டியவை

தீபாவளிக்கும் டிசம்பர் லீவுக்கும் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊர் வந்துவிட்டால், ஹட்டன், கொட்டகலை பக்கம் எங்காவது ஒரு பெரல் பாதியாக வெட்டப்பட்டு அதன் மேல் கம்பி வலை ஏறிவிடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் அந்த வயதில் அடித்த கூத்தை அப்படியே திரும்ப அடிக்கிறார்கள். உப்பு மறக்காதே, தட்டு வாங்கி வை என்பதையெல்லாம் வீட்டில் அம்மாவே சொல்லிவிடுவார். அவர் சொல்லாததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

போயா தினத்தில் வைப்பது

எல்லோருக்கும் லீவு என்று அந்தப் பௌர்ணமி நாளைப் பிடிக்கிறார்கள். அன்று இறைச்சிக்கடையும் மூடியிருக்கும், சாராயக்கடையும் மூடியிருக்கும். ஆள் சொல்வதற்கு முன் கலண்டரைப் பாருங்கள்.

காலை வெயிலை நம்புவது

மே முதல் செப்டம்பர் வரை நம் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை. அப்போது பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து கச்சான் காற்று அடிக்கும். அங்கே இருக்கும் மாமா சொன்ன தேதியை வைத்து ஹட்டனில் விருந்து வைக்காதீர்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், பகல் தாண்டியதும் இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் பகல் சாப்பாடாக வைத்து முடித்துவிடுங்கள். தறப்பாள் கட்டுவதென்றால் ஆட்கள் உட்காரும் இடத்துக்குக் கட்டுங்கள், நெருப்புக்கு மேல் கட்டாதீர்கள்.

ஆட்கள் வந்த பிறகு நெருப்பு மூட்டுவது

எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இதில்தான். கொட்டகலையில் ஒரு வீடு, ஜனவரி மாதத்து இரவு. கோழித்தொடையில் மிளகாய்த்தூளும் தேசிக்காயும் இஞ்சியும் பூசி முதல் நாளே ஊறவைத்திருந்தார்கள், வாசமே அருமை. ஏழு மணிக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கு அப்புறம்தான் வீட்டுக்காரத் தம்பி கரிச் சாக்கின் வாயையே அவிழ்க்கிறார். சாக்கு மழைக்காலம் முழுக்க விறகுக் கொட்டிலில் ஈரத்தரையில் கிடந்தது. மிஸ்ட் வேறு இறங்கிவிட்டது. ஊதுகிறார், விசிறுகிறார், புகைதான் வருகிறது. பிள்ளைகள் பசியில் சிணுங்க, மைத்துனர் போத்தலோடு வந்தார்: “மச்சான், கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டா பிடிச்சிக்கும்.”

பிடித்தது. இடுப்பு உயரத்துக்கு எரிந்தது. அந்தச் சுவாலையிலேயே கோழியைப் போட்டார்கள். தோல் உடனே கருகிவிட்டது, வெட்டிப் பார்த்தால் எலும்போரம் இரத்தம். திரும்பப் போட்டு எடுத்தபோது மேலே முழுக்க மண்ணெண்ணெய் வாடை. ஒரு சட்டி நிறைய இறைச்சி போனது போனதுதான். பிள்ளைகள் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள்.

கரி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரக்கரியை மூட்டினால் முதலில் எழும் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை விரட்டவே போய்விடும். காய்ந்த கரிக்கே மேலே சாம்பல் பூக்க அரை மணி, முக்கால் மணி வேண்டும். நம் குளிருக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எலும்போடு கூடிய கால் வேக இன்னொரு முக்கால் மணி. ஏழு மணிக்குத் தட்டில் இருக்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே தீக்குச்சி கிழிக்க வேண்டும். ஆட்கள் வரும்போது தணல் தயாராக இருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே சோளமோ சொசேஜோ கையில் கொடுத்துவிடலாம். அப்புறம் யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள்.

கரியை முதல் நாள் வெயிலிலோ, வெயில் இல்லாவிட்டால் குசினி அடுப்புப் பக்கத்திலோ பரப்பிக் காயவையுங்கள். மூட்டுவதற்கு மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சி காய்ந்திருந்தால் ஒரு கட்டுப் போதும், பற்றிக்கொண்டு எரியும். பெரிய பால்மா டின்னின் அடியைத் திறந்து பக்கத்தில் ஓட்டை போட்டு, கீழே கடதாசி, மேலே கரி என்று நிறுத்தினால் புகைபோக்கி மாதிரி காற்றை இழுத்துப் பிடிக்கும். மரக்கரி சீக்கிரம் பற்றும். கீழ்நாட்டிலிருந்து வரும் சிரட்டைக்கரி நின்று எரியும். இரண்டையும் கலந்து போடுவது என் வழக்கம்.

தணலைப் பெரல் முழுக்கப் பரப்பாதீர்கள். ஒரு பக்கம் குவித்து, மறுபக்கத்தை வெறுமையாக விடுங்கள். தடித்த துண்டை வெறும் பக்கத்தில் போட்டு மூடி வேகவைத்து, கடைசியில் தணலுக்கு மேல் கொண்டுவந்து தோலைச் சிவக்க வையுங்கள். கோழி உள்ளே 74 பாகை செல்சியஸ் வர வேண்டும். அதற்கென்று குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் சந்தேகம் தீரும்.

இவ்வளவும் சொன்னால், “கேஸ் அடுப்புல பாதி அவிச்சு வச்சிட்டா போதும்தானே அண்ணே?” என்பார்கள். அவித்த சூட்டோடு நேரே தணலுக்குப் போனால் சரி. பாதி வெந்த கோழியை இரண்டு மணி நேரம் சட்டியில் மூடி வைத்தால் மறுநாள் வயிறு பதில் சொல்லும்.

விறகு

பைன் வேண்டாம். டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் கட்டையும் வேண்டாம். பெயின்ட் அடித்த பழைய பலகை வேண்டவே வேண்டாம். கொய்யாக் கட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம், நன்றாகக் காய்ந்த சவுக்கும் போதும்.

கல்வனைஸ் வலை

நாகம் பூசிய அந்த வலை கோழிக்கூட்டுக்கு மட்டும், நெருப்புக்கு மேல் வேண்டாம்.

கீழ்நாட்டு நேரக் கணக்கு

நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே கிழங்கும் கடலையும் அவிய கூடுதல் நேரம் எடுக்கும். கிழங்கை முன்கூட்டியே அவித்து வைத்துத் தணலில் சும்மா வாட்டி எடுங்கள்.

ஒரே வலையில் எல்லாம்

நம் ஊரில் ஒரு விருந்துக்கு மாடு சாப்பிடாதவர், ஹலால் பார்ப்பவர், வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் என்பவர் எல்லோரும் வருவார்கள். இறைச்சி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மரக்கறிக்குத் தனி வலை, தனி இடுக்கி. லீக்ஸையும் கரட்டையும் கடைசியில் கோழிக்கொழுப்பு வழிந்த கம்பியில் போட்டுக் கொடுத்துவிட்டு, “இது சுத்த மரக்கறி” என்று சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பசியோடு வீட்டுக்குப் போனவரையும் பார்த்திருக்கிறேன்.

தணல் சட்டியை உள்ளே கொண்டுபோவது

குளிருகிறது என்று மீதித் தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரியிலிருந்து வரும் காபனோரொக்சைட்டுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பிள்ளைகள் படுக்கும் காம்பராவென்றால் இன்னும் மோசம்.

சாம்பல்

மேலே ஆறியிருந்தாலும் அடியில் மறுநாள் காலை வரை தணல் கிடக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, திரும்ப ஊற்றுங்கள். மாசியில் மானாப்புல் காய்ந்து நிற்கும்போது அதைச் சரிவில் கொட்டினால் மலையே பற்றிக்கொள்ளும்.

பாட்டு

பத்து மணிக்கு நிறுத்துங்கள். பக்கத்துக் காம்பராவில் படுத்திருப்பவர்கள் விடியக்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும்.