சுறாப் பல் தேடிக் காரைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மழை ஓய்ந்து தை பிறந்ததும் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் திருமானூர்ப் பாலத்தில் கொள்ளிடம் தாண்டி, பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. சுமார் 11 கோடி முதல் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை அதன் அடியில் படிந்த களிமண், இன்று ஓடை ஓடையாக அரிபட்டுக் கிடக்கிறது. சுறாப் பல் கிடைப்பதும் உண்மைதான். ஆனால் எங்கள் காலத்தில் எல்லோரும் செய்த தவறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். தொப்பி போடு, தண்ணீர் எடுத்துப் போ என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள்; அதை விட்டுவிடுகிறேன்.

டெல்டா வயலில் தேடுவது

வேண்டாம். நம் வண்டல் மிகவும் புதிது. அந்தக் காலத்துப் படிவுகள் இங்கேயும் உண்டு, ஆனால் எண்ணெய்க் கிணறு இறங்கும் ஆழத்தில்.

கிடைத்த பல்லைக் கழுவுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

சுறாவின் உடம்புக்குள் இருப்பது குருத்தெலும்பு. செத்ததும் பெரும்பாலும் மட்கிப் போகும், மிஞ்சுவது பல். நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒரு பால்சுறாத் தாடையைக் கேட்டு வாங்கி உள்பக்கம் பாருங்கள். முன்வரிசைக்குப் பின்னால் அடுத்தடுத்த வரிசைகள் மடிந்து படுத்திருக்கும். ஒரே சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும். அதனால் பல் கிடைத்ததைவிட, அது எந்த அடுக்கில் கிடந்தது என்பதே முக்கியம்.

போன வருடம் ஒரு மாணவர் டப்பாவில் பஞ்சு வைத்து ஒரு பல் கொண்டுவந்தார். கூர்மையே இல்லாத தட்டைப் பல், மேலே குறுக்கே வரிவரியாக மேடு. டைக்கோடஸ்! ஓடுள்ள உயிர்களை நொறுக்கித் தின்ற சுறா. காரையில் அதன் பல் கிடைத்ததை ஆய்வாளர்கள் 2012-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

"எங்கே கிடைத்தது தம்பி?"

"காரையிலதான் சார்."

"ஓடையின் அடியிலா, மேட்டிலா?"

"எல்லாத்தையும் ஒரே பையில போட்டுட்டோம் சார். அப்புறம் வினிகர்ல ஊறவச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சுட்டேன்."

பல் பளபளவென்று இருந்தது. அதன் வேர்ப் பள்ளத்தில் ஒட்டியிருந்திருக்கும் ஒரு சிட்டிகைக் களிமண் போய்விட்டது. அந்த மண்ணில்தான் ஃபோரமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிரிகளின் ஓடுகள் இருக்கும். எந்தெந்த இனம் என்று நுண்ணோக்கியில் பார்த்தால், அடுக்கின் வயதை நெருங்கிவிடலாம். பெரும்பாலும் சுண்ணாம்பு ஓடுகள் அவை, வினிகர் பட்டால் கரைந்துவிடும். மழையில் மேலடுக்குப் பல் உருண்டு கீழடுக்கில் வந்து கிடப்பதும் அங்கே சகஜம். இடமும் தெரியாமல் மண்ணும் இல்லாமல் போனால், அந்தச் சுறா எதற்கு முந்தையது, எதற்குப் பிந்தையது என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தனை அருமையான பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தொடுவதற்கு முன்னால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். பிறகு தள்ளி நின்று சரிவு முழுவதும் தெரிய இன்னொரு படம். ஃபோனில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேட்டின் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே, மண் என்ன நிறம் என்று அங்கேயே எழுதுங்கள். அனுமதி இல்லாமல் எடுக்கவோ தோண்டவோ கூடாது. அனுமதியோடு எடுத்தால் மண்ணோடு, தனித்தனிக் காகிதத்தில்.

பெலம்னைட்டைப் பல் என்பது

உடைந்த முனையைப் பாருங்கள். நடுவிலிருந்து கோடுகள் கதிர்கதிராகப் பிரிந்தால் அது பல் இல்லை; கணவாயின் பழைய உறவினரான பெலம்னைட்டின் தோட்டா வடிவ உள்ளோடு.

"சுறா மாறவே இல்லை" என்பது

மேடைப் பேச்சில்கூட இதைக் கேட்கிறேன். சுறாவினுடையவை எனக் கருதப்படும் மிகப் பழைய செதில்களுக்கு வயது சுமார் 45 கோடி ஆண்டு. கனடாவில் கிடைத்த டோலியோடஸ் என்ற ஆதிச் சுறாவுக்குச் சுமார் 41 கோடி. அதன் பக்கத் துடுப்புகளின் முன்னால் முள் இருந்தது. இன்றைய சுறாவில் அதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. இப்போது நாம் பார்க்கும் சுறாக் குடும்பங்களில் பெரும்பாலானவை டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக், கிரெட்டேசியக் காலங்களில்தான் தலையெடுத்தன.

குருத்தெலும்பு என்பதால் அது எலும்புக்கு முந்தைய நிலை என்று முடிவுகட்டுவதும் தவறு. மங்கோலியாவில் கிடைத்த மின்ஜினியா என்ற பழைய மீனின் மண்டையோட்டுக்குள் எலும்பு இருந்ததை 2020-இல் அறிவித்தார்கள். சுறாவின் முன்னோர் எலும்பு வைத்திருந்து, பிறகு இழந்திருக்கலாம் என்று எண்ண அது இடம் தருகிறது.

மெகலோடன்

அழிந்துபோன இந்த ராட்சதச் சுறா டைனோசரைத் தின்றதில்லை. டைனோசர்கள் போய்ச் சேர்ந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். மெகலோடன் வந்தது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன். காரைக் களிமண்ணில் அதன் பல்லைத் தேடாதீர்கள்.