திங்கட்கிழமைக் கிறிஸ்தவம்: எங்கே சறுக்குகிறோம்?

ஞாயிற்றுக்கிழமை சபையில் கேட்பதைத் திங்கள் முதல் வாழ்ந்துகாட்டுவதில்தான் நாம் சறுக்குகிறோம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த வசன அட்டை, அதாவது புது வருஷத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் அச்சிட்ட அட்டை வாங்கி, பைபிளுக்குள் செருகிக்கொண்டு வீடு திரும்புவோம். நல்ல பழக்கம்தான். முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அதை ராசிபலன் மாதிரி வைத்துக்கொள்ளும்போதுதான் தவறு ஆரம்பிக்கிறது.

எரேமியா 29:11 பலருக்கும் வரும் வசனம். ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை’ என்று வாசித்ததும் மகனுக்கு விசா, மகளுக்கு வரன், வீட்டுக் கடன் என்று மனது ஓடிவிடும். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு தீர்க்கதரிசி எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம். எழுபது வருஷம் ஆகும் என்று முந்தின வசனத்திலேயே இருக்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்தபோது நடுவயதில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்? அவர்களுக்குக் கொடுத்த வேலையே வேறு. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் சிறையிருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். 5 முதல் 7 வரையிலான இந்த வசனங்களை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை! அட்டை கையில் வந்ததும் அந்த அதிகாரம் முழுவதையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். ஜூன் மாதம் வந்ததும் ‘வசனம் பலிக்கவில்லையே’ என்று சோர்ந்துபோக வேண்டியிருக்காது.

அப்புறம், ‘ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது. வேலை போன ஒருவர் வாசலில் நின்று கஷ்டத்தைச் சொல்கிறார். நாமும் உண்மையான அக்கறையோடுதான் சொல்கிறோம், தெரு திரும்பும்போது மறந்துவிடுகிறோம். சாப்பாடில்லாதவனிடம் ‘சமாதானத்தோடே போங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவதால் பிரயோஜனம் என்ன என்று புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிறார். ஜெபிப்பதென்றால் அங்கேயே நின்று இரண்டு நிமிஷம் ஜெபித்துவிடுங்கள். முடித்ததும் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் கட்டியாச்சா, மாதச் சாமான் இருக்கிறதா என்று கேளுங்கள்.

உபவாச ஜெபம் என்று சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டை விட்டுவிட்டு வழக்கமான அளவு மருந்தை எடுத்துக்கொள்வதும் ஆபத்து. டாக்டரிடம் கேட்காமல் இரண்டையும் செய்யக் கூடாது. சுவிசேஷம் எழுதிய லூக்கா ஒரு வைத்தியர். அடிக்கடி நோய்ப்படும் தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று பவுல் எழுதுகிறார். ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் சிறிய அளவில் தொடங்கிய வைத்தியப் பணிதான் இன்றைய சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை. மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது பிரசங்கித்தால் இதையெல்லாம் ஞாபகப்படுத்தலாம்.

பணத்தில் சறுக்குவது வெளியே தெரியாது. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை, மாதம் தவறாமல் போய்விடும், வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒரு நாள் லீவு எடுத்தால் மட்டும் சம்பளத்தில் பிடித்தம். காண்டிராக்ட் எடுத்துச் செய்கிறவர், கொத்தனாரின் சனிக்கிழமைக் கூலியை ‘திங்கள் பார்க்கலாம்’ என்று தள்ளிவிட்டு மறுநாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். கூலிக்காரன் சம்பளம் விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு 5:4. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களையும் இயேசு கண்டித்திருக்கிறார் (மாற்கு 7). அதனால் கூலி பாக்கி, அம்மாவின் மருந்துச் செலவு, இவற்றை எடுத்துவைத்துவிட்டுக் காணிக்கைக் கவரை நிரப்புங்கள். கணக்கு உதைத்தால் உங்கள் செலவைக் குறையுங்கள்.

சாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் கூட்டம் கலைந்துவிடும். கிறிஸ்துவில் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற கலாத்தியர் 3:28 நமக்கு மனப்பாடம். ஆனாலும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிப் பிரித்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் உத்தரவிட்டார். அதை ஏற்க மனமில்லாமல் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். இப்போது யாரும் வெளியேறுவதில்லை. சபையில் இருந்துகொண்டே வரன் விளம்பரத்தில் ‘இரட்சிக்கப்பட்ட மணமகள் தேவை’ என்று போட்டு, அடுத்த வரியில் சாதியையும் உட்பிரிவையும் எழுதுகிறோம். அந்த வரியை எடுத்துவிடுங்கள். சபை, படிப்பு, வேலை, குணம் போதும். தரகர் போன் போட்டுக் கேட்பார், அப்போதும் சொல்ல வேண்டியதில்லை.